இத்தாலிக்காரி யாரைக் கூப்பிட்டாள்?

நம் வயதுக்காரர்களுக்கு டெக் என்றால் விளக்கம் தேவையில்லை. வீடியோ நாடா போட்டுப் பார்க்கிற அந்தக் கறுப்புப் பெட்டி, நாடாவை உள்ளே தள்ளினால் அஜீரணக்காரனைப் போல முனகிவிட்டு விழுங்கும். நான் இப்போது பகலில் படுக்கிறேன். மருத்துவச் சபை என் முதுகெலும்பைப் படம் பிடித்துப் பார்த்து, அரசாங்கத்துக்கு இனி நான் உதவ மாட்டேன் என்று உரிய வயதுக்கு முன்னரே எழுத்தில் கொடுத்துவிட்டது. அதற்குப் பிரதிகள் எடுத்து, சேர வேண்டிய இடங்களில் சேர்த்து, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பகலில் படுத்தால் கனவும் பகல் வெளிச்சத்தோடுதான் வருகிறது. அதில் மழை பெய்கிறது. கொப்பரை வாசனை அடிக்கிறது. ஓர் இத்தாலிக்காரி படிக்கட்டுக்குக் கீழே நின்று யாரையோ கூவிக் கூப்பிடுகிறாள்.

தேயிலைத் தோட்டங்களைக் கம்பெனிக்காரர்கள் பொறுப்பெடுத்திருந்த காலம் அது. தொரை மாறினார், போர்டு மாறியது, பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கொடுத்து நிற்கிற எங்கள் ஆட்கள் மாறவில்லை. கலவான ரோட்டில் எங்கள் தோட்டத்துக்குத் திரும்புகிற சந்தியில் ஒரு கடை இருந்தது. கடை முதலாளி சிங்களவர். வரிசை வீடுகளான எங்கள் லயத்து அடுப்புகளில் பாதி அவர் தயவில்தான் எரிந்தன. அவருடைய மூத்த மகன் இத்தாலியில் இருந்தான். எந்த வழியாகப் போனான் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதையில்லை. "பெரிய வீடொன்றில் பொறுப்பான உத்தியோகம்" என்று முதலாளி சொல்வார். சொல்லும்போது சீனி நிறுக்கிற கரண்டியைச் சற்று உயர்த்திப் பிடிப்பார்.

அந்த மகன் ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு நாடா கொடுத்தனுப்பினான். நாடாவின் தொடக்கத்தில் பூப்போட்ட சுவருக்கு முன்னால் அவனே உட்கார்ந்து அப்பா, அம்மா, தங்கைகள், நாய் எல்லோரையும் விசாரித்தான். பிறகு, "இதற்குப் பின்னால் டிவியில் ஓடிய ஒரு படம் பிடித்து வைத்திருக்கிறேன். நான் இருக்கிற நகரம் அதில் வருகிறது. பச்சைக் கதவு வைத்த கடை ஒன்று வரும், அதன் முன்னால்தான் நான் டிராமிலிருந்து இறங்குவேன், பாருங்கள்" என்றான். திரை ஒரு தடவை கோணலாகி நிமிர்ந்தது. மகன் போய்விட்டான், படம் வந்தது.

முதலாளிக்கு அந்தப் பச்சைக் கதவை உலகம் முழுவதும் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவருடைய உலகம் சந்தியைச் சுற்றிய அரை மைல். அதில் பெரும்பகுதி எங்கள் லயங்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் பலகைக் கதவுகளைச் சாத்துவார்கள். வெளிச்சம் வருகிற இடங்களில் சாக்குகளைத் தொங்கவிடுவார்கள். பட்டப்பகலில் உள்ளே ஓர் இருட்டு உண்டாகும். கருவாடு, மண்ணெண்ணெய், கொப்பரை, நனைந்த தலைகளின் தேங்காயெண்ணெய் எல்லாம் அந்த இருட்டில் ஒன்றாகக் குழைந்து நிற்கும். கால் விரலிடுக்கில் ஊர்கிற அட்டையைத் திரையின் நீல வெளிச்சத்தில் பார்த்துப் பிடுங்கி, உப்புச் சாக்கில் வைத்து நசுக்குவோம்.

கலவானப் பக்கத்து மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தகரக் கூரையில் அது இறங்கினால் படத்தில் பேசுகிறவர்களுக்கு வாய் மட்டும் அசையும். மழை சற்று ஓயும்போது இரண்டு மூன்று வார்த்தைகள் கரையேறி வரும். யாராவது கூவினால் மட்டும்தான் முழுதாகக் கேட்கும். அந்த மொழி அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. கதையை நாங்களே செய்துகொண்டோம்.

படம் இப்படித்தான். நகரத்தில் ஓர் உயரமான கட்டடம். அதைப் பார்த்ததும், லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பராக்காரி, "இது நம்ம லயம்தான்டி, நிமித்தி வச்சிருக்கான்" என்றாள். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம், ஒருவர் இருமினால் அடுத்தவருக்குத் தூக்கம் கெடுவது, தெருவுக்குக் குறுக்கே கட்டிய கொடியில் ஊர் பார்க்கக் காய்கிற உள்பாவாடைகள், எல்லாம் சரியாகவே இருந்தன. மேல்மாடியில் ஒரு குடும்பம். டிராம் ஓட்டுகிற அப்பா. கொண்டை போட்ட, பருத்த அம்மா. அந்த அம்மா ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவாள், கீழே ரொட்டிக்காரன் அதில் ரொட்டி வைப்பான், இழுத்துக்கொள்வாள். தொப்பிக் கடையில் வேலை செய்கிற மகள். அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஈரத் தெருக்களில் சுற்றுகிற ஒரு பையன். இவர்களோடு, எந்நேரமும் பனியனோடு, எதையாவது மென்றுகொண்டு அம்மாவுக்குப் பின்னால் நிற்கிற ஓர் ஆள். அவன் யார் என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே புரிந்துவிட்டது. மகள் தெருவில் நின்று மேலே பார்த்து, "மாமா!" என்று கூவினாள். ஜன்னலில் அம்மாவும் பனியன்காரனும் ஒன்றாக எட்டிப் பார்த்தார்கள்.

கடை குலுங்கியது. "மாமாங்கிறாடி! தமிழ்ல கூப்பிடுறா!" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. முதலாளியின் மனைவி நோனாவும் அதே நேரத்தில், "மாமாட்ட கதா கரனவா!" என்றார், மாமாவைக் கூப்பிடுகிறாள் என்று. அவர்கள் மொழியிலும் மாமா மாமாதான். இரண்டு இனமும் ஒரே நிமிஷத்தில் ஒரே முடிவுக்கு வந்ததை என் வாழ்நாளில் நான் பார்த்தது அந்த ஒரு தடவை. பனியன்காரன் தாய்மாமன். விஷயம் முடிந்தது.

எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் அது தொடங்கியது.

எங்களுக்கும் ஒரு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா செத்துப்போனார். அன்றைக்கு எங்கள் காம்பராவுக்கு வந்த மாமா பிறகு திரும்பிப் போகவில்லை. பக்கத்து லயத்தில் ஒரு காம்பரா எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு எங்களிடம் வருவார். ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்றுதானே சொல்வோம். அவர் வந்தால் முதலில் புளித்த கொழுந்தின் வாசனை வரும், பிறகு அவர் வருவார். அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து, எனக்குக் காய்ச்சல் மருந்து, அம்மாவுக்குக் கம்பளி எல்லாம் அவர் சம்பளத்திலிருந்து வந்தவை. அதற்கெல்லாம் பதிலாக அக்காவை அவருக்குக் கொடுத்துவிடுவது என்று அம்மா எப்போதோ முடிவு செய்திருந்தார். முறை இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. மூன்றாவதாக என்ன வேண்டும்? வைகாசியில் கோயிலில் தாலி என்று பேச்சு.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் நாட்டுப் பொதுத் திருமணச் சட்டத்தில் தாய்மாமனும் சகோதரியின் மகளும் மணம் செய்ய முடியாது. தடுக்கப்பட்ட உறவு, செய்தாலும் செல்லாது. பிற்காலத்தில் விவாகப் பதிவு அலுவலகத்தில் ஜோடிகளை எதிரே உட்கார வைத்து அந்த உறவை விசாரிப்பதுதான் என் உத்தியோகமாகவே இருந்தது. ஆனால் அன்றைக்கு எங்கள் லயத்தில் யாருக்கும் அது தெரியாது. பதிவுக்குப் போனால்தானே தெரிவதற்கு? சந்தேகம் வந்தபோது அவர்கள் கேட்டது இத்தாலிக்காரியை.

சந்தேகத்தைக் கிளப்பியவள் அக்கா. அவளுடன் படித்தவள் ஒருத்தி கொழும்பில் காமென்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், தைத்துக்கொண்டிருந்தாள். சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு ஆட்கள் எடுப்பார்கள், போர்டிங்கில் தன் அறையிலேயே இருக்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அக்காவுக்கு மாமா மேல் வெறுப்பு இல்லை. அதுதான் சிக்கல். வெறுப்பு இருந்தால் அழுது சாதித்திருக்கலாம்.

"என்னைய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவரும்மா. அவரப் பாத்தா எனக்கு அப்பா மாதிரிதான் இருக்கு" என்றாள் ஒருநாள்.

"அப்பா மாதிரி இருக்கவன் கட்டிக்கிட்டா கண் கலங்காம வச்சிருப்பான். அதுவும் கொழும்புல, தமிழ்ப் புள்ளன்னா புடிச்சு எங்க கொண்டுபோயி வைப்பான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அம்மா.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் பயத்தை வீண் பயம் என்று இன்றும் நான் குறிப்பு எழுத மாட்டேன்.

படத்துக்கு வருகிறேன். அதற்கு முடிவு இல்லை. மகள் ஸ்கூட்டர் பையனோடு சண்டை போடுகிறாள், அப்பாவோடு சண்டை போடுகிறாள், தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன, அவள் ஒரு சூட்கேஸோடு படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறாள், கண்ணில் தண்ணீர், மேலே பார்த்து "மாமா!" என்று கூவுகிறாள், ஜன்னல் திறக்கிறது. அந்த இடத்தில் நாடா தீர்ந்து, திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டும். நாங்கள் அந்தப் புள்ளிகளையும் கொஞ்ச நேரம் பார்ப்போம். அதற்கு அப்பால் ஏதாவது தெரியுமோ என்று.

அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த இடத்தில் அழுவார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அக்காவின் விலாவில் இடிப்பார்.

"பாத்தியா? சூட்கேச தூக்கிட்டுப் போன வெள்ளக்காரியே கடைசியில மாமான்னுதான வந்து நிக்கிறா."

"வந்து நிக்கிறாளா, போறதுக்கு நிக்கிறாளா? அதுக்குள்ள நாடா முடிஞ்சு போச்சே."

"கண்ணுல தண்ணியோட எவடி வீட்ட விட்டுப் போவா?"

"எல்லாரும் அப்பிடித்தாம்மா போவாங்க."

லயத்தில் அபிப்பிராயம் அம்மாவின் பக்கம். அக்கா ஒருத்திதான் படத்தை வழக்கறிஞரைப் போலப் பார்த்தாள். அடுப்படியில் மகளும் அம்மாவும் மட்டும் இருக்கிற ஒரு காட்சி வரும். மழை ஓய்ந்திருந்த ஒரு வாரம் அதில் அந்த வார்த்தை கேட்டது. அக்கா உடனே பிடித்துக்கொண்டாள்.

"அங்க அந்தப் பொம்பள மட்டும்தான நிக்கிது! அப்பவும் மாமாங்கிறா. எந்த மாமா இருக்காரு அடுப்புக்குள்ள?"

"மாமா சாப்புட வரலியான்னு கேக்குறாடி. கல்யாணம் ஆவப்போற புள்ள வேற என்னத்தக் கேக்கும்?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. அதை மறுக்க ஆதாரம் இல்லை. எங்கள் மாமாவைப் பார்த்து அவள் மேலும் சொன்னாள்: "யோவ், ஒன்னத்தான்யா கூப்பிடுறா. எந்திரிச்சு உள்ள போயேன், டிவிக்குள்ள!"

மாமா அரிசி மூட்டையில் சாய்ந்து சிரித்தார். அவருக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. அந்த மாதங்களில் அவர் தன் காம்பராவுக்கு வெள்ளையடித்தார். கதவுக்கு நீலப் பெயின்ட் பூசினார். இரத்தினபுரியிலிருந்து ஒரு கண்ணாடி வாங்கிவந்து, தனக்கு நெஞ்சு மட்டும் தெரிகிற உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். அந்த உயரத்தில் முகம் தெரிவது அக்காவுக்கு. பெரியவர்கள் அதைப் பார்த்து, ஆளுக்கு ஆணியடிக்கத் தெரியவில்லை என்றார்கள்.

சித்திரை வருஷத்துக்கு முதலாளியின் மகன் லீவில் வந்தான். கலவானப் புழுக்கத்தில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கடை முன்னால் உட்கார்ந்திருந்தான். வியர்வை ஓடிக்கொண்டிருந்தது, கழற்றவில்லை. மாமா கருவாடு வாங்கப் போனபோது நானும் போனேன். முதலாளி உள்ளே போன நேரம் பார்த்து மாமா சிங்களத்தில், தம்பி என்கிற முறையில், மெதுவாகக் கேட்டார். அவர் சிங்களம் பேசினால் சிங்களவர் என்றே நினைப்பார்கள்.

"மல்லி, அந்தப் படத்துல பொண்ணு மாமாவக் கூப்பிடுதே. கட்டிக்கிறதுக்குத்தானே?"

அவன் விழித்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா நெவே, அய்யே! மாமா இல்லை அண்ணா, அம்மா! அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்."

எழுத்தில் பார்த்தால் மம்மா, குறில்தான். ஆனால் தெருவில் நின்று மேல்மாடிக்குக் கூவும்போது எந்த மொழியிலும் குறில் நெடிலாகிவிடுகிறது.

"அப்ப அந்தப் பனியன்காரர்?"

"அவன் அறை வாடகைக்கு இருக்கிறவன். ஒன்றுமில்லாதவன்."

மாமா கருவாட்டுப் பார்சலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கடைசியில அந்தப் பொண்ணு போகுதா, இருந்துடுதா?"

பையனின் சிரிப்பு நின்றது. "முடிவை நான் பார்க்கவில்லை அய்யே. பாதிப் படத்துக்கு மேல் நான் வேலையில் இருந்தேன். ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறேன். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும். படம் அது பாட்டுக்கு நாடாவில் ஏறியது." உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "தாத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்." அவர்கள் மொழியில் தாத்தா என்றால் அப்பா.

மாமா தலையாட்டினார். முதலாளியின் காதுக்கு அது கடைசிவரை போகவில்லை.

லயத்துக்கு ஏறுகிற குறுக்குப் பாதையில், தேயிலைச் செடிகளுக்கு மேல் மேகம் தவழ்ந்துகொண்டிருந்தது. "மாமா, அது அம்மாவாமே!" என்றேன். "மழ வருது. வெரசா நட" என்றார். மழை வரவில்லை.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பையன் திரும்பப் போய்விட்டான். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? வைகாசி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் வாதாடிக் களைத்திருந்தாள். கொழும்புக்காரிக்கு இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள், சொல்லிவிட்டு, "என்ன பதில் சொல்ல?" என்று மாமாவின் வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு வாரம் அவர் பேசாமல் இருந்தால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சாக்குகள் தொங்கின. டிராம் போனது, கூடை இறங்கியது, பச்சைக் கதவு வந்தது, நோனா பெருமூச்சு விட்டார். தெரு விளக்குகள் எரிந்தன. சூட்கேஸ். கண்ணீர். அந்தக் கூவல்.

"யோவ் மாமா, ஒன்னத்தான்!" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி, வழக்கம்போல.

மாமா எழுந்தார். அவருடைய தலை நிழல் திரையில் பாதியை மறைத்தது. "மறைக்கிதுய்யா, ஒக்காரு!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம்.

"என்னைய இல்ல" என்றார் மாமா. "அது மாமா இல்ல. அவுங்க பாஷையில அம்மாவ அப்பிடித்தான் கூப்பிடுவாங்களாம். மொதலாளி மகன்தான் சொன்னாரு. அவ மொத நாள்லருந்து அவ அம்மாவத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கா. பனியன் போட்டவன் சும்மா வாடகைக்கு இருக்கவன்."

அதையே சிங்களத்திலும் சொன்னார். நோனா வாயில் கையை வைத்துக்கொண்டார். "அனே, அம்மாட்டத கதா கரே?" அம்மாவையா கூப்பிட்டாள் என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் அழத் தொடங்கினார். திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. கூரையில் மழை இல்லை. டெக்கின் முனகல் மட்டும் கேட்டது.

அம்மா, "அப்ப நான் இத்தன நாளா யாருக்குடா அழுதேன்?" என்றார்.

அக்கா மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குத் தெரிந்து அந்த வருஷத்தில் அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"கடைசிய இன்னொருக்கா போடச் சொல்லு" என்றார் அம்மா.

முதலாளி நாடாவைப் பின்னுக்கு ஓட்டினார். தெரு விளக்குகள் அணைந்து அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தன. இத்தனை வாரமும் அம்மா அந்த ஜன்னலில் பனியன்காரனைத்தான் பார்த்திருந்தார். இப்போது மற்றவளைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கொண்டை அவிழ்ந்திருந்தது. கூடைக் கயிறு அவள் கையில் சுற்றியிருந்தது. மகளையும் சூட்கேஸையும் கண்டதும் அவள் வாய் திறந்தது. என்ன சொன்னாளோ, நாடா அதற்குள் தீர்ந்துவிட்டது. யாரும் மூக்கைச் சிந்தவில்லை. அம்மா இந்தத் தடவை அழவில்லை. சேலையை உதறிக்கொண்டு எழுந்து, ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

வீட்டில் அவர் அடுப்பை மூட்டி, மாவைப் பிசைந்து, ரொட்டியைக் கல்லில் போட்டுத் திருப்பிப் போட்டார். அக்கா சம்பல் அரைத்தாள். ஈர விறகின் புகை கூரையில் முட்டித் திரும்பி எங்கள் கண்களில் இறங்கியது. இரண்டு ரொட்டி சுட்ட பிறகு அம்மா கல்லைப் பார்த்தபடியே கேட்டார்:

"போனா, லீவு எப்ப குடுப்பாங்க?"

அக்காவின் கை அம்மியில் நின்றது. "மாசத்துக்கு ஒருக்கா குடுப்பாங்களாம்."

"மாசா மாசம் அலையாத. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

அக்கா மறுபடி அரைக்கத் தொடங்கினாள். அரைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கல்லும் கல்லும் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது.

வாசலில் புளித்த கொழுந்தின் வாசனை வந்தது. மாமா வழக்கமாக உள்ளே வந்து பலகையில் உட்காருவார். அன்றைக்கு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார், சாப்பிடக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாத ஆளைப் போல.

"ஏன்டா நிக்கிற? வந்து ஒக்காரு, ஆறிப்போவுது" என்றார் அம்மா.

உட்கார்ந்தார். அக்கா தட்டை வைத்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"வெள்ளிக்கெழம நீயே கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வா. போர்டிங்க உள்ள போயி நல்லாப் பாரு. ரூம் கதவுக்கு உள்தாப்பா இருக்கா, குளிக்கிற எடத்துக்குக் கூரை இருக்கான்னு எல்லாம் பாரு."

"சரிக்கா."

"பஸ்ல ஜன்னல் பக்கம் ஒக்கார வையி. அவளுக்கு வாந்தி வரும்."

மாமா தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"எனக்குத் தெரியாதாக்கா?"